குழம்பின் மணமும் குடியிருக்கும் உரிமையும்

வீட்டில் குழம்பு கொதித்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். மாலையில் வேலை முடிந்து திரும்புகிறவன் தன் வாசற்படியை மிதிப்பதற்கு முன்னமே, இன்று அடுப்பில் இருப்பது வற்றற் குழம்பா, மீன் குழம்பா, வெங்காயச் சாம்பாரா என்று கண்டுகொள்கிறான். கண்ணும் காதும் சொல்லுமுன் மூக்குச் சொல்லிவிடுகிறது. பசித்து வருகிறவனுக்கு அதைவிட நல்ல வரவேற்பு வேறில்லை. ஆனால் அதே மணம் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டில் புகுந்ததும் அதன் பெயர் மாறிவிடுகிறது. இங்கே மணம், அங்கே நாற்றம். நம் பாஷையிலேயே இந்த விந்தைக்குச் சாட்சி உண்டு. நாற்றம் என்ற சொல் முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறோம்.

இஃது அடுப்பங்கரைச் சங்கதி, பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சில நேயர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. குழம்பின் மணத்தைக் காரணம் காட்டி மனிதர்களுக்கு வீடு மறுக்கப்பட்டிருக்கிறது. அதன் பொருட்டு நீதிமன்றங்கள் கூடியிருக்கின்றன. ஒரு நகரத்து ஜனங்கள் ஒரே நாளில் அடுப்பு மூட்டித் தங்கள் கருத்தைத் தெரிவித்திருக்கிறார்கள். இந்த வழக்கில் நம்மவர் எப்பொழுதும் வாதிகளாகவே இருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரதிவாதிக் கூண்டிலும் நம்மவர் நிற்கிறார்கள். அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். அந்நாட்டின் தென்கிழக்கே கென்ட் என்னும் பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விட்டு வந்த ஒருவர், வீடு பிடித்துக் கொடுக்கும் தரகர்களுக்கு ஒரு கட்டளை அனுப்பினார். வெள்ளையரல்லாதாருக்கு வீடு கொடுக்க வேண்டாம் என்பதே அக்கட்டளை. அவர்கள் காலி செய்து போன பிறகும் கறியின் வாடை வீட்டில் தங்கிவிடுகிறது என்பது அவர் கூறிய காரணம். அந்நாட்டின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் இதை மெய்ட்ஸ்டன் நகர நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2017-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அக்கட்டளை சட்டவிரோதமானது என்று தீர்ப்பாயிற்று. மூன்று வருஷ காலத்துக்கு அத்தகைய முறையைக் கையாளக் கூடாதென்று தடையுத்தரவும் பிறந்தது. 1968-ம் வருஷத்துச் சட்டத்துக்கு முன் இங்கிலாந்தில் நிறத்தைச் சொல்லியே ஒருவனுக்கு வீடு மறுக்கலாம்; அதைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. சட்டம் வந்த பிறகு நிறத்தைச் சொல்ல வாய் கூசியவர்களுக்கு மூக்குத் துணைக்கு வந்தது போலும்!

நிற்க. அந்த வீட்டுக்காரர் கூறியதில் உண்மையே இல்லையா என்று நடுவுநிலைமையோடு ஆராய்வது நம் கடமை. குழம்பின் மணம் தங்குவது மெய்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் பெருங்காயத்திலும் கந்தகம் கலந்த பொருள்கள் இருக்கின்றன. அவை இம்மியளவு காற்றில் கலந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். சீரகம், கொத்தமல்லி, கிராம்பு முதலியவற்றின் வாசனைப் பொருள்கள் எண்ணெயில் எளிதாகக் கரைபவை. தாளிக்கும்பொழுது அவ்வெண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக ஆவியோடு எழும்பித் திரைச்சீலையிலும், கம்பளியிலும், மெத்தை நாற்காலியிலும் படிகிறது. படிந்த எண்ணெய் தன்னிடமுள்ள வாசனையைச் சிறிது சிறிதாகப் பல நாள் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வெந்தயத்தில் உள்ள ஒரு பொருளோ, உண்டவனுடைய வியர்வையில்கூட மணக்கும்.

சிமெண்டுத் தரையும், முற்றமும், எந்நேரமும் திறந்த ஜன்னலும் உள்ள நம் ஊர் வீட்டில் இம்மணம் மாலைக்குள் கலைந்துவிடும். குளிருக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்து, சுவரோடு சுவராகக் கம்பளம் விரித்த வீட்டில் அது குடியேறிவிடுகிறது. ஆகவே குற்றத்தில் கம்பளத்துக்கும் பங்குண்டு.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ஒரே வாசனையில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. அதனால் தன் வீட்டு வாசனை இன்னதென்று எவனுக்கும் தெரிவதில்லை. ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வேகும் வீட்டிலும், பழம் பாலாடைக்கட்டி வைத்திருக்கும் வீட்டிலும், நாய் வளர்க்கும் வீட்டிலும் வாசனை உண்டு; அவ்வீட்டார் அதை அறியார். இதர புலன்களின் செய்தி மூளையில் ஓர் இடைநிலையத்தின் வழியாகச் செல்ல, மணத்தின் செய்தி மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறதென்று சாஸ்திரிகள் கூறுகின்றனர். அதனால்தான் ஒரு வாசனை பட்டவுடன், யோசனைக்கு இடமின்றி, விருப்போ வெறுப்போ எழுகிறது. அந்த விருப்பு வெறுப்புக்களில் பெரும்பகுதி பிறவியில் வந்ததன்று. குழந்தைப் பருவந்தொட்டுப் பழகிப் பெற்றதே. பழகிப் பெற்றதைப் பழகியே மாற்றவும் கூடும்.

ஆகவே ஒருவன் அடுத்த வீட்டு மணம் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அவனை உடனே துவேஷி என்று ஏசுவது நியாயமாகாது. வேறோர் இடத்தில் வளர்ந்த மூக்கு அவனுடையது. அவன் செய்யத்தக்கது என்ன, செய்யத்தகாதது என்ன என்பதே கேள்வி. இதற்கு விடை தேடச் சிங்கப்பூருக்குப் போவோம்.

தமிழை ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாக ஏற்றுக்கொண்ட நாடு சிங்கப்பூர். அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் சர்க்கார் கட்டிய அடுக்கு மாடி வீடுகளில் வசிக்கின்றனர். ஒரே இனத்தார் ஒரே கட்டடத்தில் கூடிவிடாதபடி ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை வீதத்துக்கு மேற்படக் கூடாதென்று 1989-ம் வருஷம் முதல் விதி உண்டு. ஒருவர் தாளிப்பதும், மற்றொருவர் ஊதுவத்தி கொளுத்துவதும், இன்னொருவர் கருவாடு பொரிப்பதும் ஒரே தாழ்வாரத்தில் நடக்கின்றன.

2011-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்நகரத்துப் பத்திரிகை ஒன்று ஒரு பழைய பிணக்கை வெளியிட்டது. சீனாவிலிருந்து புதிதாக வந்து குடியேறிய ஒரு குடும்பம் அடுத்த வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி மணத்தைப் பொறுக்க முடியவில்லை என்று முறையிட்டது. இந்தியக் குடும்பத்தார் கறி சமைக்கும்பொழுதெல்லாம் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு சமைத்துப் பார்த்தனர். அதுவும் போதவில்லை. விஷயம் சமரச மையத்துக்குப் போயிற்று. அங்கே முடிவான உடன்பாடு இது: சீனக் குடும்பத்தார் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் இந்தியக் குடும்பத்தார் கறி சமைப்பது, அதற்குப் பதிலாக, சீனக் குடும்பத்தார் அக்கறியை ஒருமுறையேனும் சுவைத்துப் பார்ப்பது.

செய்தி வெளிவந்ததும் நகரம் கொதித்தது. தன் வீட்டில், தன் அடுப்பில், தன் தாய் சமைத்த பண்டத்தைச் சமைக்க அடுத்த வீட்டார் வெளியே போகும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டுமா என்று ஜனங்கள் கேட்டனர். கேட்டவர்கள் இந்தியர் மட்டுமல்லர். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் கேட்டனர். தேங்காய்ப் பாலில் கொதிக்கும் கறி அங்கே எல்லா இனத்தார்க்கும் சொந்தமாகிவிட்ட பண்டம். ஆகஸ்டு 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று ஒவ்வொருவரும் ஒரு சட்டி கறி சமைப்பது என்று இணையத்தின் மூலம் அழைப்பு விடப்பட்டது. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் கலந்துகொள்வதாகத் தெரிவித்தனர். கோஷமில்லை, ஊர்வலமில்லை, கரண்டியும் சட்டியுமே அந்த இயக்கத்தின் கருவிகள்.

இதில் நாம் மெச்சத்தக்கதும் உண்டு, எச்சரிக்கை கொள்ளத்தக்கதும் உண்டு. அந்த உடன்பாட்டை நடுவர் திணிக்கவில்லை, இரு குடும்பத்தாரும் தாமே பேசி வந்த முடிவு அது என்று சர்க்கார் தரப்பில் பின்னர் விளக்கினர். மேலும், அன்று எழுந்த ஆத்திரத்தில் கறியின் மீதுள்ள அபிமானத்தோடு புதிதாய் வந்தவர்கள் மீதுள்ள மனக்கசப்பும் கலந்திருந்தது. ஒருவனுடைய உணவை இழிவு செய்வது தவறானால், அந்தத் தவற்றைச் செய்தவனுடைய பிறந்த நாட்டையே இழிவு செய்வதும் தவறுதான். ஆனால் அந்த உடன்பாட்டின் இரண்டாம் பாகத்தை மட்டும் நேயர்கள் மறவாதிருக்க வேண்டும். ‘ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்’ என்றது அவ்விந்தியக் குடும்பம். தங்களை விலக்கிய அயலாரிடம் அவர்கள் கேட்ட நஷ்டஈடு அவ்வளவே.

அதே சிங்கப்பூரில் இன்னொரு விதியும் இருக்கிறது. டுரியான் என்னும் பழம் அங்குள்ளோர்க்கு அமிர்தத்துக்குச் சமானம். அதன் வாடையோ மூடிய இடத்தில் மூச்சுத் திணற வைக்கும். ஆதலால் நகர ரயிலில் டுரியானைக் கொண்டுசெல்லக் கூடாதென்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். இதைக் குறித்து எவரும் அவமானம் அடைந்ததாகத் தெரியவில்லை. ஏன்? அந்த விதி பழத்தைத் தடுக்கிறது; பழம் தின்னும் மனிதனைத் தடுக்கவில்லை. சீனன் கொண்டுவந்தாலும், தமிழன் கொண்டுவந்தாலும், வெள்ளையன் கொண்டுவந்தாலும் தடை ஒன்றே. பழத்தை வைத்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் இடமுண்டு. கென்ட் வீட்டுக்காரரின் கட்டளையோ, ஒருவன் வாழ்நாளில் அடுப்பே மூட்டாதவனாயினும் அவன் தோலைப் பார்த்து வாசலில் நிறுத்தியது. பொருளைப் பற்றிய விதிக்கும் ஆளைப் பற்றிய விதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இந்த ஒன்றைத் தெளிந்துகொண்டால் இவ்விஷயத்தில் வேறு எதிலும் மயக்கம் நேராது.

விதி பொருளைப் பற்றியதுபோல் தோன்றி ஆளைத் தாக்குவதும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துவந்த இந்திய மாணவர் ஒருவர், 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், தம் துறையிலிருந்த மைக்ரோவேவ் அடுப்பில் பாலக் பனீர் என்னும் கீரைக் கறியைச் சூடாக்கினார். அதன் வாடை கடுமையாக இருக்கிறதென்று அலுவலர் ஒருவர் ஆட்சேபித்தார். இது பொது அடுப்பு, எனக்கும் உரிமை உண்டு என்று மாணவர் பதிலுரைத்தார். அதன்பின் தம்மீதும், தமக்குத் துணை நின்ற மாணவியின்மீதும் பழிவாங்கும் நடவடிக்கைகள் எடுக்கப்பட்டனவென்று இருவரும் 2025-ம் வருஷம் வழக்குத் தொடுத்தனர். அவ்வருஷமே வழக்கு ராஜியாயிற்று. சர்வகலாசாலை தன்மீது குற்றமில்லை என்று கூறிக்கொண்டே இரண்டு லக்ஷம் டாலர் கொடுத்தது. முதுகலைப் பட்டமும் அளித்தது. இனி அங்கே அவர்கள் படிக்கவோ வேலை பார்க்கவோ கூடாதென்ற நிபந்தனையும் விதித்தது. மத்தியானச் சாப்பாட்டைச் சூடாக்கப் போன இருவரும் டாக்டர் பட்டத்துக்கு உரிய ஆராய்ச்சியை அங்கே முடிக்காமலே திரும்ப நேர்ந்தது. பணம் பெரிதுதான், இழந்தது சிறிதன்று.

வெளிநாடுகளில் கறியை வெறுக்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 1747-ம் வருஷத்துச் சமையற் புஸ்தகத்திலேயே கறி செய்யும் முறை அச்சாகியிருக்கிறது. 1810-ம் வருஷம் லண்டனில் தீன் முகம்மது என்னும் இந்தியர் போஜன சாலை திறந்தார். 2001-ம் வருஷம் அந்நாட்டு வெளிநாட்டு மந்திரி ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவே பிரிட்டனின் மெய்யான தேசிய உணவு என்று மேடையில் புகழ்ந்தார். கறி என்ற ஆங்கிலச் சொல்லே நம் தமிழிலிருந்து போனது. ஆகக் கறி அங்கே உணவு விடுதியில் மேஜைமீது இருக்கும்பொழுது நறுமணம். குடித்தனக்காரன் வீட்டு அடுப்பில் இருக்கும்பொழுது நாற்றம். பண்டத்தை ஏற்றுப் பண்டம் சமைத்தவனை விலக்கும் இவ்வழக்கம் எந்தச் சாஸ்திரத்தில் அடங்கும்?

இவ்வளவு தூரம் படித்த நேயர்களுக்கு வெள்ளையன்மீது கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தைச் சற்று நிறுத்தி வைத்து, நம் வீட்டு வாசலுக்குத் திரும்புவோம்.

2007-ம் வருஷம் டில்லிப் போலீஸார் ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டனர். அசாம், நாகாலாந்து, மணிப்பூர் முதலிய வடகிழக்கு ராஜ்யங்களிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்குப் பாதுகாப்புக்கான புத்திமதிகள் அதில் அடங்கியிருந்தன. மூங்கிற் குருத்து, அகுனி முதலிய வாடையுள்ள பண்டங்களை அண்டை அயலில் கலகம் நேராதபடி சமைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அகுனி என்பது நாகர்கள் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்வது. அவர்களுக்கு அது நமக்குக் கருவாடு போல. நம் தேசத்தின் தலைநகரில், நம் தேசத்துப் பிரஜை, தன் தாய்வீட்டுக் குழம்பைப் பயந்து சமைக்க வேண்டுமென்று போலீஸாரே எழுதினர். அந்த அகுனியைச் சமைக்க இடம் தேடி அலையும் இளைஞர்களைப் பற்றி, அப்பண்டத்தின் பெயரையே தலைப்பாக்கி 2019-ம் வருஷத்தில் ஒரு திரைப்படமும் வந்தது.

டில்லி தூரம் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சென்னையிலே வாடகைக்கு வீடு தேடி நடந்தவர் எல்லாரும் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற பலகையைப் பார்த்திருப்பர். பலகை இல்லாத இடத்தில் கேள்வி உண்டு. எந்த ஊர், என்ன வேலை, மாதம் என்ன வருமானம் என்று கேட்டுவந்த வீட்டுக்காரர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, ‘நீங்கள் கறி, மீன் சமைப்பதுண்டோ?’ என்பார். அடுப்பைப் பற்றிக் கேட்பது போல் ஜாதியைக் கேட்கும் வித்தை இது. உணவைச் சொன்னால் குலம் தெரிந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சைவம் என்று பொய் சொல்லிக் குடிபுகுந்து, ஞாயிற்றுக்கிழமையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு மீன் பொரிக்கும் குடும்பங்கள் எத்தனை! குழந்தையின் கையை இருமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விளையாட அனுப்பும் தாய்மார் எத்தனை பேர்! சமைப்பவள் பெண்ணாதலால், வாடையின் அவமானம் முதலில் விழுவதும் அவள் தலையிலேதான். இவர்களுடைய நிலை சிங்கப்பூர்க் குடும்பத்தின் நிலையினும் தாழ்ந்தது. அங்கே ஊர் முழுதும் அவர்களுக்காக அடுப்பு மூட்டிற்று. இங்கே எவர் மூட்டினர்?

இங்கிலாந்தில் கென்ட் வீட்டுக்காரரை நிறுத்திக் கேட்க 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் இருந்தது. நம் நாட்டில் தனியார் வாடகை வீட்டில் இத்தகைய பேதத்தைத் தடுக்க அதுபோன்ற பொதுச் சட்டம் இல்லை. ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் அங்கத்தினர்களை ஒரே சமூகத்தாராக வரையறுத்துக்கொள்வது செல்லும் என்று 2005-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சட்டம் வரும் என்று காத்திருப்பதற்கில்லை. வழக்கம் முன்னே மாற வேண்டும்.

வீடு என்னுடையது, யாருக்குக் கொடுப்பது என்பது என் இஷ்டம் என்று சிலர் கூறுவர். மாமிச வாடையைக் கண்டால் உடலே ஒப்பாதவர்களும் உண்டு. அவர்களுடைய மனத்தை நாம் பழிக்கவில்லை. தன் வீட்டில் எது வேகும், எது வேகாது என்று தீர்மானிப்பது ஒவ்வொருவருடைய சுதந்தரம். ஆனால் வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்த வீடு, வாடகை கொடுக்கிறவனுக்கு வீடு. தன் அடுப்பின்மீது தனக்குள்ள சுதந்தரம் அவன் அடுப்பின்மீது அவனுக்கும் உண்டு. கென்ட் வீட்டுக்காரரும் வீடு என்னுடையது என்ற நியாயத்தை நம்பியே கட்டளை அனுப்பினார். அவர் சொன்னது அநியாயம் என்று நாம் கைதட்டினால், மயிலாப்பூரிலும் மதுரையிலும் அதே சொல்லைச் சொல்பவருக்கும் அதே தீர்ப்பைத்தான் கூற வேண்டும். கடலுக்கு அப்பால் ஒரு நியாயம், கடலுக்கு இப்பால் ஒரு நியாயம் என்பது தேசபக்தி ஆகாது.

செய்யவேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. வீட்டுக்காரர் வாடகையைக் கேட்கட்டும், முன்பணத்தைக் கேட்கட்டும், வீட்டைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டுமென்று எல்லாக் குடித்தனக்காரருக்கும் ஒரே நிபந்தனை விதிக்கட்டும். சமையலறையில் புகைபோக்கும் விசிறி ஒன்றை மாட்டித் தரட்டும். அதன் விலை ஒரு மாத வாடகைகூட ஆகாது. குடித்தனக்காரரும் தம் பங்குக்குத் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, குப்பையை அன்றன்றே அகற்ற வேண்டும். தன் மூக்கு பழகிவிட்டதென்பதை நினைவில் வைத்து அயலாரின் மூக்குக்கு இணங்குவது அடிமைத்தனம் அன்று; மரியாதை. தொல்லை மெய்யாகவே இருந்தால் கதவைத் தட்டி, முகம் பார்த்து, இன்ன வேளையில் ஜன்னலை இப்படித் திறந்தால் நலம் என்று சொல்லலாம். அடுத்த வீட்டாருடைய ஊரையும் குலத்தையும் அதில் இழுக்க வேண்டியதில்லை.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் சமத்துவம் பேசுவது சுலபம். உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் அந்தப் பலகை தொங்குகிறதென்று நாளைக் காலையில் எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சொந்த வீடு இருந்து, அதில் ஒரு பாகத்தை வாடகைக்கு விடுவீர்களாயின், அந்தக் கடைசிக் கேள்வியைக் கேளாமல் விடுங்கள்.

நம் ஊர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஏதேனும் விசேஷமாகச் சமைத்தால் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தக் கிண்ணத்தை யாரும் வெறுங்கிண்ணமாகத் திருப்புவதில்லை. மணம் எப்படியும் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. அதன் பின்னாலேயே கிண்ணமும் போகட்டும் என்று எண்ணியவர்கள் நம் பெரியோர். அந்தக் கிண்ணமும் சில வாசல்களில் நின்று சில வாசல்களைத் தாண்டிச் சென்றது என்பதை நாம் அறிவோம். தாண்டிச் சென்ற வாசல்களுக்கும் அதை இனிக் கொண்டுசேர்ப்பது நம் தலைமுறையின் வேலை.